வெள்ளை ஆயிடுச்சா மாமா?

போன வருடம் கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டியிருக்கிற எங்கள் ஊரில், எங்கள் வீட்டின் பின்பக்கத்தில் நடந்தது இது.

வீட்டில் நான், அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர், அவர்களுடைய ஒரே பெண். அவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. பெயர் வேண்டாம், பாப்பா என்றே சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, டிப்ளமா வரை போனவன் நான்தான். அதனால் பாப்பாவின் படிப்பு சம்பந்தப்பட்ட எல்லாமே என் தலையில். டைரியில் கையெழுத்து வேண்டுமானாலும், மிஸ் அனுப்பிய மெசேஜ் புரியவில்லை என்றாலும் அக்கா ஒரே வார்த்தைதான் சொல்வாள்: “நீதானடா படிச்சவன், நீயே பாத்துக்கோ.”

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஒரு தண்ணீர் டிரம் இருக்கும், மேலே ஒரு மக் மிதக்கும். காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். பத்திரிகை வைக்க வருகிற சொந்தக்காரர்கள்கூட வாசலில் நின்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளங்காலைத் தேய்ப்பார்கள். சாமிக்காகவோ மரியாதைக்காகவோ இல்லை. சுற்றிலும் இரும்பு உருக்கும் ஆலைகள். விடிந்து பார்த்தால் மாடிப்படி, கொய்யா இலை, நிறுத்தி வைத்த வண்டி சீட் எல்லாவற்றிலும் மை போலக் கரும்பொடி இறங்கியிருக்கும். துணியை வீட்டுக்குள்தான் காயப் போடுவோம். எவ்வளவு கழுவினாலும் குதிகால் வெடிப்பில் கருப்பாக ஒரு கோடு நின்றுவிடும். ஊரில் எல்லோருக்கும் அந்தக் கோடு உண்டு. அதனால் யாரும் அதைப் பார்த்ததே இல்லை.

பாப்பா நான்காவது வரை படித்தது ஊர்ப் பள்ளிக்கூடத்தில். ஐந்தாவதுக்கு டவுனில் இருக்கிற பெரிய பள்ளியில் சேர்க்கலாம் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தவன் நான். ஷூ, டை, வெள்ளை சாக்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு முதல் நாள் என் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. “கலெக்டரம்மா கெளம்பிட்டாங்கோ” என்று பக்கத்து வீட்டு அத்தை கிண்டல் செய்தார். பாப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்தச் சிரிப்பு ஆடி மாதம் தாண்டவில்லை.

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குளிக்கப் போனால் நேரமாக்கினாள். அக்கா கதவைத் தட்டித் தட்டி அலுத்துப்போவாள். வீட்டில் டிவி பார்க்கும்போதுகூடப் பாவாடையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருநாள் சாக்ஸைக் கழற்றியபோது குதிகாலில் ரத்தம். செங்கல் துண்டை வைத்துத் தேய்த்திருக்கிறாள்.

“இன்னா பாப்பா இது?” என்றேன்.

“ஒண்ணுல்ல மாமா.”

“யாராவது எதுனா சொன்னாங்களா?”

சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் திணித்தாள். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பள்ளியில் யோகா வகுப்புக்கு ஷூவும் சாக்ஸும் கழற்ற வேண்டுமாம். கழற்றிய முதல் நாளே பக்கத்துப் பாயில் இருந்த பெண் தன் பாயை நகர்த்திக்கொண்டாளாம். வெள்ளை சாக்ஸ் வேறு இவளுக்கு மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்ததாம். சமூக அறிவியல் பாடத்தில் சோழ ராஜாக்கள் வந்ததும் பையன்கள் புதுப்பெயர் வைத்துவிட்டார்கள். இவள் வகுப்புக்குள் நுழைந்தால், “கரிகாலன் வர்றாரு, வழி விடுங்கடா!” என்று கத்துவார்களாம்.

என் வாய் தன்பாட்டுக்குப் பேசியது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நீ அதெல்லாம் காதுல போட்டுக்காத. நல்லா படி. ஃபர்ஸ்ட் மார்க் வாங்கு. எல்லாம் தானா உன் பின்னாடி வருவாங்க.” எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

அவள் நம்பினாள். காலாண்டில் கணக்கில் முதல் மார்க். அன்று மாலை வண்டியில் வரும்போது கேட்டேன், “இப்ப பேசுறாங்களா?”

“மார்க் இன்னான்னு கேட்டாங்க மாமா. சொன்னேன். போய்ட்டாங்க.”



இங்கே பாப்பாவின் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பி இழுக்கும் கம்பெனியில் ஆசிட் தொட்டி அவருடைய இடம். உருட்டு ஆலையிலிருந்து வரும் கம்பிச் சுருள் மேலெல்லாம் கருப்பாகச் செதில் பிடித்திருக்கும். அதை ஆசிட் தொட்டியில் முக்கி, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் அலசி எடுத்தால்தான் மெல்லிசாக இழுக்கிற மெஷினுக்குப் போகும். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் முகமே வேறாகிவிடும். சாப்பிடும்போது பாப்பாவுக்குக் கதை போலச் சொல்வார். “உள்ள போவும்போது கருகருன்னு போவும். எங்கையால முக்கி எடுத்தன்னு வெய்யி, புது மாப்ள கணக்கா வெள்ளவெளேர்னு வரும். அப்படி ஒரு ஐட்டம் அது!” பாப்பா வாயைத் திறந்துகொண்டு கேட்பாள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பா வேலை என்னவென்றே சரியாகத் தெரியாது. இவளுக்குத் தொட்டி தொட்டியாகத் தெரியும்.

எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு. குளியலறைத் தரையில் மஞ்சள் கறை ஏறிவிடும். அதைக் கழுவுவதற்காக அவர் கொஞ்சம் ஆசிட்டை ஜூஸ் பாட்டிலில் கொண்டுவந்து பின்பக்க மதில் இடுக்கில் வைத்திருந்தார். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அப்படி ஒரு பாட்டில் இருந்தது. பிள்ளைகள் தொடக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். குடித்துவிடுவார்களோ என்றுதான் எல்லோருக்கும் பயம். வேறு எதற்காவது எடுப்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

அந்தக் கார்த்திகை ஞாயிற்றுக்கு அடுத்த வாரம் பள்ளியில் ஆண்டு விழா. பாப்பாவைக் கும்மிக்குச் சேர்த்திருந்தார்கள். வெறுங்காலோடு மேடையில் ஆட வேண்டும், கொலுசு தெரியும்படி பாவாடையை ஏற்றிக் கட்ட வேண்டும். சனிக்கிழமை ஒத்திகையில் இவளுக்கு ஜோடியாக நின்ற பெண், “மிஸ், என்னை வேற எடத்துல நிக்க வைங்க, இவ கால் ஒரு மாதிரியா இருக்கு” என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். மிஸ் அவளை அதட்டினாராம். ஆனால் இடத்தை மாற்றிவிட்டாராம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஒத்திகை முடிந்து வண்டியில் ஏறும்போது பாப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“மாமா, நைனா கம்பெனில கம்பி வெள்ளையாவ எவ்ளோ நேரம் ஆவும்?”

நானும் பேட்டையில் வேறொரு கம்பெனியில் பீஸ் செக் பண்ணுகிற வேலையில் இருக்கிறேன், அன்று இரண்டாவது ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. “உங்க நைனாவயே கேளு” என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினேன்.

ஞாயிறு காலை அக்கா நாஷ்டா செய்துகொண்டிருந்தாள். நான் முன்னறையில் படுத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். கத்தல்கூட இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அந்த நெடி. கம்பெனியில் வேலை செய்கிற எவனுக்கும் அந்த நெடி மூக்கில் ஏறினால் உடம்பு தானாக எழுந்துவிடும்.

ஓடினேன். துவைக்கிற கல்லின் மேல் பாப்பா உட்கார்ந்திருந்தாள். கீழே அகலமான பிளாஸ்டிக் பேசின். கால்கள் இரண்டும் அதற்குள். பக்கத்தில் அந்த ஜூஸ் பாட்டில். இன்னொரு பேசினில் அலசுவதற்குத் தண்ணீரும் பிடித்து வைத்திருந்தாள், அப்பா சொன்ன வரிசைப்படியே. இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். எரிகிறது, ஆனால் காலை எடுக்கவில்லை. இன்னும் நேரம் ஆகவில்லை என்று நினைத்திருக்கிறாள்.

அவளை அப்படியே தூக்கினேன். வாசல் டிரம்முக்கு ஓடி, காலை மேலே நீட்டிப் பிடித்து மக் மக்காக ஊற்றினேன். அப்போதுதான் அவள் கத்தினாள். அந்தக் கத்தலில் தெரு கூடிவிட்டது. அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கையில் பேஸ்ட் டியூப்.

“டேய், தண்ணி ஊத்தாதடா, கொப்பளிச்சுக்கும்!” என்று பக்கத்து வீட்டு அத்தை என் கையைப் பிடித்தார். “பேஸ்ட்ட தடவு! இல்லன்னா மாவ அப்பு!”

“கைய உடுங்க அத்தை!”

“படிச்சிக்கினு இன்னாத்துக்குடா இப்படி பண்ற, புள்ள துடிக்குது பாரு!” அக்கா என்னைத் தள்ளினாள். பெற்றவள் கதறுகிறாள், பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள், பிள்ளை “மாமா போதும் மாமா” என்று கெஞ்சுகிறாள். கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம் ஆசிட் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பாடம் எடுத்தார்கள். தண்ணீர், மறுபடியும் தண்ணீர், நிறுத்தாதே. அன்றைக்கு அரைத் தூக்கத்தில் கேட்டது. அது சரிதானா, நான் தப்பாக நினைவு வைத்திருக்கிறேனா? நான் செய்வதால் அவள் கால் போய்விட்டால்? கை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தது. டிரம் காலியானதும் எதிர்வீட்டு டிரம்முக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எதிர்வீட்டு அண்ணன் ஒருவர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்து காலில் பிடித்தார்.

ஆஸ்பத்திரிக்கு அவருடைய ஆட்டோவில்தான் போனோம். ஈரத்துணியைச் சுற்றிய காலை மடியில் வைத்துக்கொண்டு அக்கா வழியெல்லாம் அழுதாள். நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றன. ஆட்டோ இடுக்கில் புகுந்து புகுந்து போனது. எனக்கு அந்தத் தூரம் முடியவே முடியாது போல இருந்தது.

டாக்டர் அம்மா காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்குகளிலும் பாதத்தின் ஓரங்களிலும் தோல் வெந்து போயிருந்தது. “யார் தண்ணி ஊத்தினது?” என்றார். பயந்துகொண்டே, “நான்தான் மேடம்” என்றேன். “ஊத்தலன்னா கதையே வேற. ஆழமா போகல. ஆறிடும்.” அதைக் கேட்டதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நர்ஸ் மருந்து வைத்து வெள்ளைத் துணியால் கட்ட ஆரம்பித்தார். பாப்பா ஊசி மயக்கத்தில் இருந்தாள். என்னைக் கிட்டே வரும்படி விரலை அசைத்தாள். குனிந்தேன்.

“மாமா, வெள்ளை ஆயிடுச்சா?”

கட்டு போட்டுக்கொண்டிருந்த நர்ஸின் கை ஒரு நிமிடம் நின்று, மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

பாப்பாவின் அப்பா ஷிப்டில் இருந்தார். தகவல் சொல்லி வரவழைத்தோம். யூனிஃபார்மோடு வந்தவர் உள்ளே போகவில்லை. வராந்தாவில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். “நான்தானே சொன்னேன். வெள்ளவெளேர்னு வரும்னு நான்தானே பெருமையா சொல்லிக்கினு இருந்தேன்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று சாயங்காலமே எங்கள் தெருவில் மதில் இடுக்குகளிலிருந்த பாட்டில்கள் எல்லாம் வெளியே வந்தன. அதை யாரும் கூட்டம் போட்டுச் சொல்லவில்லை.

ஆண்டு விழா அன்று பாப்பா வீட்டில் படுத்துக் கிடந்தாள். பொங்கல் லீவு கழிந்துதான் பள்ளிக்குப் போனாள், ஷூவுக்குப் பதில் பெரிய செருப்போடு. நான் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு வந்தேன். அன்றெல்லாம் கம்பெனியில் எனக்கு வேலை ஓடவில்லை. செக் பண்ணிய பீஸையே மறுபடி செக் பண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது என்ன பெயர் வைத்திருப்பார்களோ என்றுதான் நினைப்பு.

சாயங்காலம் போனால் நம்ப முடியவில்லை. பாப்பாவைச் சுற்றி ஒரு கூட்டம். ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். ஒரு பையன், “அங்கிள், ஆசிட் நுரை நுரையா வந்துச்சாமே, நெஜமா?” என்கிறான். ஜோடியாக ஆட மாட்டேன் என்ற பெண்கூடக் கட்டைத் தொட்டுப் பார்த்து, “வலிக்குதாடி?” என்று கேட்டாளாம். வழியெல்லாம் பாப்பா பேசிக்கொண்டே வந்தாள். லன்ச்சில் யார் பக்கத்தில் உட்காருவது என்று சண்டையாம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் சத்தமாகச் சிரித்தாள். அக்காவுக்கும் அம்மாவுக்கும் சந்தோஷம். எனக்குத்தான் உள்ளே ஏதோ சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அது என்னவென்று கட்டுப் பிரிக்கிற அன்று புரிந்தது. புண் நன்றாக ஆறியிருந்தது. இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். “இனிமே கட்டு வேணாம், காத்தாடட்டும்” என்று நர்ஸ் சொன்னதும் பாப்பா முகம் செத்துப்போனது. “இன்னும் ஒரு வாரம் கட்டுங்கக்கா. நெஜமாவே வலிக்குது” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் நொண்டி நொண்டி நடந்தாள். ஆஸ்பத்திரிக்குள் வரும்போது நன்றாகத்தான் நடந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழக்கம்போல ஏதாவது அறிவுரை சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு எனக்கு நடந்ததைச் சொன்னேன். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் சேர்ந்த அன்று ரூம் வாசலில் நின்று, “கால் கழுவத் தண்ணி எங்க?” என்று நான் கேட்டதையும், கோயிலுக்குள் நுழைகிறவன் மாதிரி இருக்கிறேன் என்று பையன்கள் அந்த வருடம் முழுக்க என்னை “பூசாரி” என்றே கூப்பிட்டதையும் சொன்னேன். இதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

பாப்பா திரும்பிப் பார்த்தாள். “அப்புறம் நீ ஃபர்ஸ்ட் மார்க் வாங்கி ஃப்ரெண்டு புடிச்சியா?”

“இல்ல. மார்க் வாங்குனேன். ஃப்ரெண்டு வேற மாதிரி வந்தான்.”

“எப்டி?”

“ஒருநாள் டவுனுக்குப் போய்ட்டு அவனும் கடைசி பஸ்ஸ உட்டுட்டான், நானும் உட்டுட்டேன். நடந்தே வந்தோம். பேசிக்கினே வந்தோம்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“அவன் பூசாரின்னு கூப்டலியா?”

“கூப்டுவான். ஆனா மெஸ்ல எனக்கு எடம் புடிச்சு வெப்பான்.”

என் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்ததா என்று தெரியவில்லை. இருட்டும் வரை அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை ஷூ, சாக்ஸ் போட்டுக்கொண்டாள். பள்ளி கேட்டில் இறங்கியதும், “நீ உள்ள வராத மாமா” என்றாள். நொண்டாமல் நடந்தாள். நான் வண்டியை எடுக்காமல் கேட் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் பயந்தபடியே பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். கட்டு எங்கே என்றுதான் கேட்டிருப்பார்கள். பாப்பா படிக்கட்டில் உட்கார்ந்தாள். குனிந்தாள். ஷூவைக் கழற்றினாள். சாக்ஸையும். யாரும் கழற்றச் சொன்ன மாதிரித் தெரியவில்லை, அவளாகவே காலை நீட்டிக் காட்டினாள். அதற்குள் தலைகள் குனிந்து மூடிக்கொண்டன. அவளை எனக்குத் தெரியவில்லை. திடீரென்று எல்லோரும் சிரித்தார்கள். எந்த மாதிரிச் சிரிப்பு? அவளும் அதில் சிரித்தாளா? கேட்டுக்கு வெளியே நின்று எப்படித் தெரியும்? கம்பியைப் பிடித்திருந்த கை வலித்த பிறகுதான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

மணி அடித்தது. பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். கூட்டம் கலைந்த இடத்தில் பாப்பா மட்டும் உட்கார்ந்து சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். கட்டு இருந்த நாட்களில் பையைத் தூக்கியவர்கள் யாரையும் காணவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இரட்டைச் சடை, கண்ணாடி. இதற்கு முன் நான் அவளைப் பார்த்ததில்லை. “சீக்கிரம் மாட்டுடி, மிஸ் வந்துடுவாங்க!” என்று அவள் கத்தியது கேட் வரைக்கும் கேட்டது. பாப்பா ஷூ லேஸைக் கட்டாமலேயே எழுந்து ஓடினாள். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள்.

பாப்பா இப்போது ஆறாவது. “கரிகாலன்” என்று கூப்பிடுகிறவர்கள் இன்னும் இரண்டொருவர் இருக்கிறார்கள், அவளுக்கும் சில நாள் அழுகை வரத்தான் செய்கிறது. எங்கள் ஊரில் பொடியும் நிற்கவில்லை. அதனால் இன்றைக்கும் அவளை இறக்கிவிட்ட பிறகு, கேட்டுக்கு உள்ளே அவளோடு இன்னொரு ஜோடிக் கால் சேர்ந்து நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் வண்டியை எடுக்கிறேன்.